அபிலியோவுக்காக விரித்த பாய்

பாதித் தீவு மட்டுமே கொண்ட எங்கள் நாட்டின் தலைநகர் டிலியில் பழைய சிறைச்சாலை ஒன்றை வெள்ளையடித்து ஆவணக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். பட்டப்படிப்பின் கடைசி வருடக் கட்டுரைக்காக மூன்று வாரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எங்கள் மலையூர் ஹாலிலாரனிலிருந்து அந்தக் கட்டிடத்துக்குள் படிப்பதற்காக நுழைந்த முதல் ஆள் நான்தான். அடைபடுவதற்காக நுழைந்தவர்கள் முன்பே இருந்தார்கள்.

கலவரத்துக்குப் பிறகு ஊர் ஊராக மன்னிப்புக் கூட்டம் நடத்திய சமரச ஆணையத்தின் கட்டுகளைப் புரட்டும்போது எங்கள் ஊர்த் தாள் ஒன்று கிடைத்தது. ‘அபிலியோ தொஸ் ரெய்ஸ், வயது 31, விவசாயி. 1999 செப்டம்பரில் நான்கு வீடுகளையும் ஒரு குலவீட்டையும் எரித்ததாக ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு சனிக்கிழமை கோயில் கூரை வேலை, ஒரு பன்றி, பொது மன்னிப்பு. கூட்டம் முடிந்த நேரம்: மாலை ஆறு பத்து. தாமதத்துக்குக் காரணம்: வாகனக் கோளாறு.’

கடைசி வரியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அந்தக் கோளாறு என்ன என்று தாளில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அபிலியோவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. கல்யாண வீட்டுக்குத் தண்ணீர், சாவு வீட்டுக்குப் பெட்டி, யார் எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவார். பங்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள் ஓடையில் நின்றுவிட்டால் அதையும் தூக்கிக் கரையில் வைப்பார். “அபிலியோ, இந்த மலைய அந்தப் பக்கம் கொஞ்சம் நகத்தி வையேன், வெயிலு வர மாட்டேங்குது” என்று கேலி பேசுவார்கள். அவரும் மலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்.

சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு முடிந்து, முடிவு வந்த வாரத்தில், சுதந்திரத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய மிலீஷியாக்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். அபிலியோ கையில் மண்ணெண்ணெய்க் கேனைக் கொடுத்து, தூக்கு என்றார்கள். தூக்கினார்.

இதை அவருக்குச் சாதகமாக நான் சொல்லவில்லை. என் அத்தை பெலிஸ்மினாவின் வீடு அவர் கையால்தான் எரிந்தது. நாங்கள் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, புகை எழும் இடத்தைப் பார்த்து இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசிப் புகை எங்கள் குலவீட்டினுடையது. உயரமான புல்கூரை என்பதால் வெகுநேரம் எரிந்தது. அதற்குள்தான் எங்கள் மூதாதை மார்பில் அணிந்திருந்த வட்டத் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. வேற்றுக் குலத்தான் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தகடும் சாம்பலாயிற்று என்று நினைத்து நாங்கள் மூன்று அறுவடைகளுக்குப் புதுச்சோளச் சடங்கு நடத்தவில்லை. தகட்டின் முன்னால் வைக்காத இளங்கதிரை யார் வாயில் வைப்பது? கதிர் காய்ந்து பழசான பிறகுதான் சோறாக்கினோம். மிச்ச நாளெல்லாம் வெளிநாட்டு உதவி அரிசி.

ஆனால் தகடு எரியவில்லை. கேனோடு குலவீட்டுக்குள் முதலில் நுழைந்தவர் வேறு குலத்துக்காரரான அபிலியோ. நுழைந்தவர் தகட்டைக் கழற்றி, மனைவி பெந்திதாவின் சிவப்புத் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பா ஒன்றில் வைத்துக்கொண்டு அவளோடு எல்லை தாண்டினார். அகதி முகாமில் மூன்று வருடம் அந்த டப்பா அவர்கள் தலைமாட்டில் இருந்தது. பழம்பொருள் வாங்குகிற வியாபாரிகள் முகாமுக்குள் சுற்றிக்கொண்டிருந்த காலம். பசியும் கூடவே சுற்றியது. அவர் விற்கவில்லை. அங்கே பெந்திதாவுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. இரண்டு முறையும் அபிலியோ டப்பாவைப் பார்த்தார்.

2002 ஜூனில் ஐ.நா. வண்டிகள் முகாமிலிருந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தன. எல்லையில் பை சோதித்தவர் ஃபிஜித் தீவிலிருந்து வந்த அமைதிப்படைக்காரர், சார்ஜென்ட் வைசாலே. கதவை மறைக்கிற உடம்பு. எங்கள் பாஷையைப் பாதி பிய்த்துத்தான் பேசுவார்.

“டப்பா திற.”

அபிலியோவுக்குக் கை வரவில்லை. வைசாலே தானே திறந்தார். சிவப்புத் துணியையும் சுற்றி அடுக்கியிருந்த வெற்றிலையையும் பார்த்தவர், துணியைத் தொடாமல் மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது உன் வீட்டுதா?”

“வேற குலத்துது, சார்.”

“குடுக்கப் போறியா?”

அபிலியோ தரையைப் பார்த்தார். வைசாலே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “சரி. போ. அரிசி வாங்கிட்டுப் போ” என்றார்.

அந்தச் சமயத்தில் பெந்திதா மறுபடி கர்ப்பமாக இருந்தாள். அபிலியோவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளை ஊரில் பிறக்க வேண்டும், அதுவரை ஊர் அவரைத் துரத்தாமல் இருக்க வேண்டும். வீடு எரித்ததை ஊர் மன்னிக்கும் என்று அவருக்குத் தெரியும். பல ஊர்களில் மன்னித்திருந்தார்கள். தகட்டைத் தொட்டதை மன்னித்த ஊரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஐ.நா. கொடுத்த நீலத் தார்ப்பாயில் குடிசை கட்டி, டப்பாவைக் கூரைக்குள் செருகிவிட்டு, ஆணையத்திடம் போய் வாக்குமூலம் கொடுத்தார். நான்கு வீடு, ஒரு குலவீடு. தகட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அக்டோபரில் ஊர்க்கூட்டம் வந்தது. ஆணையத்தின் வண்டி முதல் நாள்தான் அச்சு முறிந்து போயிருந்தது. அதனால் அமைதிப்படை லாரி ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. லாரியில் ஆணையத்து ஒத்தீலியா அக்கா, இரண்டு பேர், ஒரு மூட்டைத் தாள். கூடவே காவலுக்கு வைசாலே.

கோயில் முற்றத்து ஆலமரத்தடியில் முன்னோர் பெயர்களையும் வழக்குமுறைகளையும் மனத்தில் வைத்திருக்கும், எங்கள் குலத்தின் சொல் காப்பவர் டோமே பெரியவர் பெரிய பாயை விரித்தார். பாய் விரித்தால் முன்னோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாயில் அமர்ந்தவர்கள் வழக்கு முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. வழக்கு முடியாமல் பாயைச் சுருட்டவும் கூடாது. இது ஒத்தீலியா அக்காவுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு மேலே இன்னொரு விதி இருந்தது: இருட்டுவதற்குள் லாரி படைமுகாமுக்குத் திரும்பியாக வேண்டும்.

அபிலியோ பாயின் நடுவில் உட்கார்ந்து, எந்தெந்த வீடு, எந்தப் பக்கத்திலிருந்து தீ வைத்தார் என்று வரிசையாகச் சொன்னார். முதலில் கேள்வி கேட்டவள் என் அத்தை.

“என் வாசல்ல ஒரு சேவல் கட்டிக் கெடந்துச்சே, அது எங்கடா?”

“தெரியாதுக்கா.”

“வீட்ட எந்த மூலையில கொளுத்தினேன்னு ஞாபகம் இருக்கு, சேவல் ஞாபகம் இல்லையா?”

“சேவல... கமாண்டர் தின்னாரு.”

“நீ?”

“ஒரு காலு மட்டும்.”

“சண்டைச் சேவல்டா அது! பல்லு இருக்கா உனக்கு இன்னும்?”

கூட்டம் சிரித்தது. பாயில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒத்தீலியா அக்கா எழுதுகோலை நிறுத்தி, “சேவலையும் எழுதிக்கட்டுமா, அக்கா?” என்று கேட்டார்.

“எழுதும்மா. ஒரு கதவு, ரெண்டு பானை, ஒரு சேவல். காலு மட்டும் இவன் கணக்கு.”

சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். மதியத்துக்குள் தீர்ப்பும் ஆனது. பன்னிரண்டு சனிக்கிழமை, ஒரு பன்றி, மன்னிப்பு. அபிலியோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு மணி இருக்கும், டோமே பெரியவர் பாயின் ஓரத்தைக் கையில் எடுத்தார். சுருட்டும் முன் மூன்று முறை கேட்பது வழக்கம்.

“வேற இருக்கா, அபிலியோ?”

“இல்ல, பெரியவரே.”

“வேற?”

“இல்ல.”

“வேற?”

அபிலியோ வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பெரியவர் பாயின் ஓரத்தைக் கீழே விட்டுவிட்டு, சம்மணம் கட்டி உட்கார்ந்து, பாக்கை வெட்ட ஆரம்பித்தார். வாக்குமூலத்தில் குறை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என்ன குறை என்று அவருக்கும் தெரியாது. ஆனால் எழுபது வருடம் மனிதர்கள் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அரை மணி போயிற்று. ஒத்தீலியா அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். “பெரியவரே, நாளைக்கு வேற ஊர்ல கூட்டம். இன்னிக்கு முடியலன்னா மறுபடி தேதி கெடைக்க மாசக்கணக்காகும்.”

“ஆகட்டும். பாய் கெடக்கும்.”

“மழை வந்துடுமே!”

“நனையும்.”

பெரியவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாய் விரித்தபடி கிடக்கும் வரை அபிலியோவும் அதிலேயே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் நிரந்தரமாகப் போய்விட வேண்டும். பெந்திதா பாய்க்கு வெளியே பெண்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாரி ஓட்டுநர் எஞ்சினைப் போட்டுவிட்டு ஹாரனை அடித்தான். வைசாலே எழுந்து போனார். அடுத்து நடந்ததை ஒத்தீலியா அக்கா பின்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வைசாலே ஞாயிற்றுக்கிழமைகளில் படைமுகாமில் பிரசங்கம் செய்கிறவர், பொய் சொல்ல மாட்டார். ஆகவே முதலில் குனிந்து முன்சக்கரத்தின் காற்றைப் பிடுங்கி விட்டார். உஸ்ஸென்று லாரி ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“சக்கரத்துல காத்து இல்ல,” என்றார் முகாமுக்கு. அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். “ஒரு சக்கரம்தான்.” மாற்றுச் சக்கரம் இருக்கிறதல்லவா என்று கேட்டிருப்பார்கள் போல. வைசாலே ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். “ரெண்டு சக்கரம்,” என்றார் வைசாலே.

பிறகு துப்பாக்கியை லாரியில் விட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றி ஆலமரத்து வேரில் வைத்து, பாய்க்கு வெளியே விளிம்பை ஒட்டி முட்டி மடித்து உட்கார்ந்தார். யாரும் அவருக்கு அப்படி உட்காரச் சொல்லிக் கொடுக்கவில்லை.

டோமே பெரியவர் பாக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

“எங்க ஊர்லயும் பாய்தான்,” என்றார் வைசாலே. “எங்களுக்குத் திமிங்கலப் பல்லு. பெரிய தப்பு பண்ணவன் அதக் கொண்டு வருவான். ரெண்டு கையால. கை நடுங்கும். நடுங்கட்டும். வாங்கறவன் கையும் நடுங்கும்.”

இதைச் சொல்லும்போது அவர் அபிலியோ பக்கம் திரும்பவே இல்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

பெந்திதா எழுந்து நின்றாள். “பெரியவரே, நான் பாய்ல இல்ல. எந்திரிச்சுப் போலாம்ல?”

“போலாம்.”

“வேணாம் பெந்தி!” என்றார் அபிலியோ. அவர் வாயிலிருந்து ஒரு மறுப்பு வந்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

“வேணாமாம்ல! மூணு வருஷமா என் தலமாட்டுல தூங்குது அது. ரெண்டு பிள்ளையத் தின்னுடுச்சோன்னு பயந்துகிட்டு, அதுக்கே வெத்தல வெச்சுகிட்டுக் கெடந்தேன். மூணாவது இந்தா, வயித்துல ஒதைக்குது. நீ ஒக்காந்தே இரு.”

ஓடையில் இறங்கி ஏறிக் குடிசைக்குப் போய்வர, அவள் நிலைமையில், இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் காபியும் வந்தன. வயர்லெஸ் இரண்டு தடவை கத்தியது. வைசாலே இரண்டு தடவையும், “இன்னும் காத்து இல்ல” என்றார். அதுவும் உண்மைதான்.

ஐந்து மணிக்கு மேல் பெந்திதா டப்பாவோடு வந்து அதைக் கணவன் மடியில் வைத்தாள். அபிலியோ அதை இரண்டு கையாலும் தூக்கிப் பெரியவருக்கு நேரே நீட்டினார். கை நடுங்கி மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது.

“எரின்னு அவங்க சொன்னாங்க, எரிச்சேன். அதுக்கு என்ன குடுத்தாலும் வாங்கிக்கறேன். இத எடுன்னு யாரும் சொல்லல. நானா எடுத்தேன். தொடக்கூடாதவன் தொட்டுட்டேன், பெரியவரே.”

டோமே பெரியவர் துணியை விலக்கினார். தகட்டைப் பார்த்ததும் அவர் தோள்கள் குலுங்கின. எங்கள் குலத்துப் பெண்கள் இழவு வீட்டில் போல ஓவென்று அழுதார்கள். ஆண்களில் ஒருவர், “எரிச்சதக்கூட விட்டுடலாம். இதத் தொட்டவன் எப்படி ஊர்ல இருக்கறது? போகச் சொல்லு!” என்று கத்தினார். இன்னும் நாலு குரல் சேர்ந்தது. அபிலியோ தலையைக் குனிந்துகொண்டார். அவர் பயந்தது நடந்துகொண்டிருந்தது.

பெரியவர் டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்தது காய்ந்த வெற்றிலைகள். அடுக்கு அடுக்காக, அடியில் கறுத்தவை, மேலே இன்னும் பச்சை மாறாதவை.

“இத யாரு வெச்சது?”

“நாங்கதான். வாரா வாரம்.”

“ஏன்?”

“ஊர விட்டு வந்துருக்கு... பசிக்குமேன்னு.”

கத்தியவர்கள் அந்த வெற்றிலைகளை எட்டிப் பார்த்தார்கள். பாய்க்கு வெளியே இருந்த என் அத்தை பெலிஸ்மினா எழுந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“பெரியவரே, எனக்கு ஒரு சந்தேகம். வேத்தாள் தொட்டாத்தான குத்தம்?”

“ஆமா.”

“நம்மாளு தீயில இருந்து எடுத்திருந்தா?”

“காப்பாத்தினான்னு சொல்லுவோம்.”

“அப்போ இவன நம்மாளாக்கு. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான், கூரை மேயச் சொன்னா இடுப்பு வலிங்கறான்.” அது என் அப்பா. கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. “எனக்கு ஒரு தம்பி வேணும். இவன் என் கூரைய எரிச்சவன். எத்தன கட்டு புல்லு புடிச்சுதுன்னு இவனுக்குத்தான் தெரியும். இவனே மேயட்டும்.”

“சேவலு?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

“தம்பிகிட்ட போய் யாராவது சேவலுக்குக் கணக்குக் கேப்பாங்களா!”

பெரியவர் தகட்டை மறுபடி துணியில் சுற்றி வைத்தார். பிறகு பச்சை மாறாத ஒரு வெற்றிலையை எடுத்து, பாதியைப் பெலிஸ்மினாவுக்கும் பாதியை அபிலியோவுக்கும் கொடுத்தார். இருவரும் மென்றார்கள். அத்தை தன் தோளில் கிடந்த நெசவுத்துணியை எடுத்து அபிலியோவின் தோளில் போட்டு, அந்தக் கையாலேயே முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது துணிக்கானதா சேவலுக்கானதா என்று இன்றுவரை சொல்லவில்லை. பெரியவர் பாயைச் சுருட்டி, “தூக்கு” என்றார். அபிலியோ தூக்கினார்.

இவ்வளவையும் எழுத ஒத்தீலியா அக்காவிடம் தாள் இருந்தது. தகட்டை எழுத வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். அக்கா பேனாவை மூடிவிட்டார். இன்று பெரியவரே சரி என்று சொன்ன பிறகுதான் நான் எழுதுகிறேன்.

லாரிக்குக் காற்றடிக்கக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்றுதான் இருந்தது. ஊரே முறை வைத்து மிதித்தது. டோமே பெரியவரும் நாலு மிதி மிதித்தார். இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வைசாலே பம்பை அபிலியோ கையில் கொடுத்தார்.

“வழியில உங்களுக்கு வேணுமே, சார்?”

“வேணாம். சக்கரம் நல்ல சக்கரம்.”

முகாமில் அவருக்கு என்ன திட்டு விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவர் படை ஊர் திரும்பிவிட்டது. விலாசம் வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

பெண் குழந்தை ஜனவரியில் ஊரிலேயே பிறந்தது. அடுத்த மாதம் தகட்டின் முன்னால் புதுச்சோளம் வைத்தோம். மூன்று வருடத்துக்குப் பிறகு தின்ற அந்த இளங்கதிரின் பால் இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அபிலியோ பன்னிரண்டு சனிக்கிழமைக் கணக்கை முடித்து, அத்தையின் கூரையையும் மேய்ந்தார். அடுப்பு மூலையில் ஒழுகுகிறது என்று அத்தை இப்போதும் குறை சொல்கிறாள். அவரும் ஏணியோடு போய்விடுவார். நான் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று என் பெட்டியைப் பேருந்து நிற்கும் இடம்வரை தூக்கி வந்தவர் அவர்தான். சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

வெளியிலிருந்து எங்களுக்கு வந்த உதவி நிறைய. அரிசி, தார்ப்பாய், லாரி, தாள், சிப்பாய்கள். எந்த நாடு எதைக் கொடுத்தது என்று என் கட்டுரையில் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறேன். பேராசிரியர் பாராட்டினார். ஒரு சாயங்காலம் முழுக்க எங்களுக்காகக் காத்திருந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

புதிய குலவீடு எழும்பிய நாளில் டோமே பெரியவர் முன்னோர் பெயர்களை வரிசையாக ஓதினார். மலையிலிருந்து இறங்கியவர், நெருப்பைக் கொண்டுவந்தவர், முதல் பாயை விரித்தவர் என்று வந்துகொண்டே இருந்த வரிசையின் கடைசியில், அதே கனத்த குரலில், “கடல் தாண்டி வந்து சக்கரத்தின் காற்றை இறக்கியவர்” என்றார். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அபிலியோ சித்தப்பா சிரிக்கவில்லை.

அந்தப் பம்பு அவர் வீட்டு வாசலில்தான் தொங்குகிறது. பிள்ளைகளின் பந்துக்கும், சாமியாரின் மோட்டார் சைக்கிளுக்கும், ஊருக்குள் வழி தவறி வருகிற எந்த வண்டிக்கும் அவரே மிதித்துக் காற்றடித்துக் கொடுப்பார். வெளிநாட்டு வண்டியாக இருந்தால், காற்று சரியாக இருந்தாலும், நாலு சக்கரத்தையும் ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்.